ஆமைகளுக்கு ஆறு மணி நேரம்

மார்ச் 3, செவ்வாய்

பந்தயத்துக்கு இருபத்தாறாவது வண்டியும் சேர்ந்துவிட்டது! சேர்ந்தது வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர்தான். மெது வகுப்பில் எட்டு வண்டியாவது இருந்தால்தான் அதை ஒரு வகுப்பாகக் கணக்கில் எடுப்போம் என்று நானே விதி எழுதி வைத்துவிட்டு, ஏழோடு நின்றுபோய், நாலு நாளாகப் பதிவுப் பக்கத்தைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். காலையில் செருப்பு மாட்டும்போது சாவகாசமாகச் சொல்கிறார்: "ஒரு வண்டிதானே குறையுது? நானும் தங்கச்சியும் சேர்ந்து ஓட்டறோம். எனக்கு இன்னும் கியர் சரியா மாத்த வராது. அது பரவாயில்லையா?"

பரவாயில்லையாவது! கட்டிப்பிடித்து ஒரு கத்து கத்தினேன். மாடிவீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

இன்று லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் மூன்று பேர். "பயப்படாதீங்க, கதவைத் தள்ளாதீங்க, ஆள் கிளம்பிட்டாங்க" என்று போனில் சொல்வதுதான் பதினோரு வருஷமாக எனக்குச் சோறு போடுகிறது. நடுவில் மேனேஜர் என் காகிதத்தை எட்டிப் பார்த்து, "என்னம்மா இது கணக்கு?" என்றார். நான் நடத்தும் லீக்கின் பந்தயம் என்றேன். "வீடியோ கேமா?" என்றார். கேம்தான் சார். ஆனால் ஒவ்வொருத்தரும் அவரவர் வீட்டில் ஸ்டீயரிங், பெடல் எல்லாம் வைத்து, நிஜப் பந்தயத்தின் விதிகளோடு, ஆறு மணி நேரம், வண்டிக்கு இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டுவது. அதுவும் மூன்று வகை வண்டிகள் ஒரே பாதையில், ஒரே நேரத்தில். "ஆறு மணி நேரமா? எதுக்கு?" என்றார். லிஃப்ட் மணி அடித்து என்னைக் காப்பாற்றியது.

கணக்கு இதுதான். வேக வண்டி ஒரு சுற்றை ஒரு நிமிஷம் முப்பத்தெட்டு நொடியில் முடிக்கும். மெது வண்டிக்கு இரண்டு நிமிஷம் ஐந்து நொடி. அப்படியென்றால் ஏழரை நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு வேக வண்டி ஒரு மெது வண்டியைத் தாண்டும். ஆறு மணி நேரத்தில் நாற்பத்தெட்டு முறை. வேகத்தில் ஒன்பது வண்டி, மெதுவில் எட்டு. பெருக்கினால் மூவாயிரத்து நானூற்றுக்கு மேல்! நடு வகுப்பைச் சேர்க்காமலேயே! மூவாயிரத்து நானூறு தடவை ஒரு முன்பின் தெரியாத ஆள் இன்னொரு ஆளைப் பிடித்து, உரசாமல் கடந்து போக வேண்டும். இதைவிட அழகான விஷயம் உலகத்தில் இருக்கிறதா, தெரியவில்லை.

மார்ச் 5, வியாழன்

பெயர்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. வேகம் சிறுத்தை, நடு குதிரை, மெது ஆமை. ஆமை என்று கேலியாக ஆரம்பித்தவர் சுறா. அவர் சிறுத்தைகளின் தலைவர், நிஜத்தில் பல் டாக்டர். பல் டாக்டருக்குச் சுறா என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ! ஆமைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று பார்த்தால், ராத்திரியோடு ராத்திரியாக எல்லா வண்டியின் கூரையிலும் ஆமை ஓடு வரைந்துவிட்டார்கள்.

சர்வர் சோதனை முடிந்தது. இருபத்தாறு வண்டியையும் தாங்குகிறது.

மார்ச் 8, ஞாயிறு

ஒன்றரை மணி நேரச் சோதனைப் பந்தயம். முப்பத்தொரு மோதல்.

முப்பத்தொன்று! எண்ணி எண்ணி விரல் போதவில்லை. அதில் இருபத்திரண்டு, சிறுத்தையும் ஆமையும் மோதியது. ஒருவர் பாதியில் ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் மட்டும் ஆறு. ஆறுக்கும் "சாரிங்க, சாரிங்க" என்று மைக்கில் மன்னிப்பு வேறு. இடித்தவரிடமும் இவரே மன்னிப்புக் கேட்கிறார்.

எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறேன். விதி 14: பின்னால் வேக வண்டி வருகிறது என்று நீலக்கொடி காட்டினால், மெது வண்டி உடனே ஒதுங்கி வழி விட வேண்டும். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? படிக்காமலேயே ஓட்ட வந்துவிடுகிறார்கள். எல்லோருக்கும் நாளைக்கு ஒரு நீளமான கடிதம் இருக்கிறது.

மார்ச் 9, திங்கள்

நான் நீளமான கடிதம் எழுதுவதற்கு முன்பே சுறாவிடமிருந்து குட்டியாக ஒன்று வந்துவிட்டது.

"மேடம், ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாங்க. லீக்கும் அப்படித்தான். ரெண்டு வகுப்பு போதும். இல்லேன்னா நாங்க ஒன்பது வண்டியும் வேற இடம் பாத்துக்கறோம். கோபமில்ல, நிஜமா சொல்றேன்."

கோபமில்லையாம். எனக்கு இருக்கிறது, இரண்டு பேருக்கும் சேர்த்து.

ஆமையை எடுத்துவிட்டால் யார் போவார்கள் என்று அவருக்குத் தெரியுமா? இஸ்திரி மேசையில் ஸ்டீயரிங்கைக் கவ்வ வைத்து ஓட்டுகிறவர்கள். ஷிஃப்ட் முடிந்து வந்து ஓட்டுகிறவர்கள். போன மாசம்தான் பிரேக் எது என்று கற்றுக்கொண்டவர்கள். நானும் ஆமையில்தான் ஓட்டக் கற்றேன். எட்டு மாசம் தொடர்ந்து கடைசியில் வந்தேன். கடைசியில் வந்தவளை யாரும் போ என்று சொல்லவில்லை. அடுத்த வாரம் எத்தனை மணிக்கு என்றுதான் கேட்டார்கள். அந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்த லீக்கை எடுத்து நடத்துகிறேன். புதிதாக வருகிறவன் நுழைய ஒரு கதவு இல்லையென்றால், லீக் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

ஆனால் முப்பத்தொன்று என்பதும் உண்மைதானே. பதில் போடவில்லை.

மார்ச் 11, புதன்

எழுதவே கை கூசுகிறது. தப்பு என்னுடையது.

சாயங்காலம் நாத்தனார் வந்தாள். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள், யூனிஃபார்மோடு நேராக வந்து சோபாவில் விழுந்தாள். பந்தயத்தில் என் வீட்டுக்காரருக்கு ஜோடி அவள்தான். மோதல் பதிவுகளைப் போட்டுக் காட்டி, "பார், ஒருத்தராவது ஒழுங்கா வழி விடறாங்களா?" என்றேன். நாலைந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"அண்ணி, எல்லாரும் வழி விடறாங்க. அதான் வினையே."

"என்ன உளர்றே?"

"சைரன் போட்டுட்டுப் போறப்ப, வழி விடாம நேராப் போறவனைப் பாத்து எனக்குப் பயமே இல்ல. அவன் எங்க இருக்கான்னு தெரியும், சுத்திப் போயிடுவேன். கண்ணாடில என்னைப் பாத்துட்டு, பதறிப்போய் இப்படியா அப்படியான்னு ஆடறான் பாருங்க, அவன்தான் எமன். நல்ல மனசுக்காரன்தான். ஆனா அடுத்த நொடி எங்க இருப்பான்னு அவனுக்கே தெரியாது."

மறுபடி ஓட்டிப் பார்த்தேன். இருபத்திரண்டையும் பார்த்தேன். சிறுத்தை உள்பக்கம் நுழைய முடிவு செய்துவிட்ட பிறகு, ஆமை மரியாதையாக அதே உள்பக்கம் ஒதுங்குகிறது. டமார். சிறுத்தை வெளிப்பக்கம் போகிறது, ஆமையும் பணிவாக வெளிப்பக்கம். டமார். ஒரு வாசலில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஒரே பக்கமாக விலகி விலகி முட்டிக்கொள்வார்களே, அதேதான். என் வீட்டுக்காரர் இதற்கென்றே பிறந்தவர். அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடை வாசலில் வாடிக்கையாளரும் இவரும் "நீங்க போங்க", "இல்ல, நீங்க போங்க" என்று நின்றதில் கடையின் ஏசிக் காற்றெல்லாம் வெளியே போனதுதான் மிச்சம்.

நல்ல பழக்கத்தையெல்லாம் சேர்த்து ஒரு விதியாக எழுதி, எட்டு வண்டியை எமனாக்கியிருக்கிறேன். படிக்காமல் வந்துவிட்டார்கள் என்று வேறு திட்டினேன். பாவம், எல்லோரும் படித்திருக்கிறார்கள்! படித்ததால்தான் மோதினார்கள்!

மார்ச் 12, வியாழன்

விதி 14 புதிது: மெது வண்டி தன் பாதையிலேயே போகும். ஒதுங்காது. தாண்டுவது தாண்டுகிறவரின் பொறுப்பு.

கூடவே, "முந்தைய விதி என் தவறு. மன்னிக்கவும்" என்று ஐந்து வார்த்தை. அதை எழுத அரை மணி நேரம் ஆயிற்று. நம் அகம்பாவம் லேசுப்பட்டதா?

மார்ச் 14, சனி

ஓட்டுநர் கூட்டம். ஐம்பத்திரண்டு பேரில் நாற்பத்தொன்பது பேர் வந்தார்கள். ஒரே இரைச்சல். ஒருவர் மைக்கை அணைக்காமல் குழந்தைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். லீக்கில் எல்லோருக்கும் இப்போது ஏழாம் வாய்ப்பாடு மனப்பாடம்.

சுறா எதிர்பார்த்தபடியே எகிறினார். "வேகமா வர்றதும் நாங்க, பொறுப்பும் நாங்களா? நல்லாருக்கு மேடம் நியாயம்."

"பின்னாடி இருந்து வர்றவருக்குத்தான் டாக்டர் ரெண்டு வண்டியும் தெரியும். முன்னாடி இருக்கறவருக்குக் கண்ணாடி மட்டும்தான்."

சுறா ஒரு நிபந்தனை போட்டார். ஆறு மணி நேரப் பந்தயத்தில் ஆமையின் தவறால் நடக்கும் மோதல்கள் பத்து வரை பொறுப்பார்களாம். பதினொன்று ஆனால் அடுத்த பருவத்தில் ஆமை வகுப்பு கிடையாது. பத்துக்குள் நின்றால் இனி அவர் வாயே திறக்க மாட்டார். மூவாயிரத்து நானூற்றில் பத்து!

ஆமைக்காரர்கள் எல்லோரும் என் வாயையே பார்த்திருப்பார்கள், பார்க்க முடிந்திருந்தால். சரி என்றேன். விதிப் பக்கத்தில் என் கையாலேயே ஏற்றினேன்.

அதோடு விதி 17. சிறுத்தைகள் பின்னாலிருந்து விளக்கை அடித்துக் காட்டலாமா என்று சுறா கேட்டார். நேர்பாதையில் மட்டும் அடிக்கலாம், வளைவில் கூடாது என்று முடிவாயிற்று. வளைவில் வெளிச்சம் அடித்தால் புது ஆள் பதறுவான். நியாயம்தான் என்று அவரும் ஒத்துக்கொண்டார்.

இன்னொன்றும் முடிவு. நடுவர்கள் இரண்டு பேர், நானும் நூலகரும். அவர் நிஜமாகவே நூலகத்தில் வேலை பார்க்கிறவர், மைக்கிலும் கிசுகிசுவென்றுதான் பேசுவார். என் வீட்டு வண்டி சம்பந்தப்பட்டால் தீர்ப்பு அவருடையது மட்டும்.

மார்ச் 15, ஞாயிறு

இரண்டாவது சோதனை. அதே ஒன்றரை மணி நேரம், அதே ஆட்கள். மொத்த மோதல் நாலு!

நாலு! ஆமையின் தவறு ஒன்றே ஒன்று! ஹாலில் தனியாக ஆடினேன். அப்புறம் ஜன்னல் திறந்திருப்பதைப் பார்த்தேன். போகட்டும், பார்த்தவர்கள் பார்க்கட்டும்.

மார்ச் 20, வெள்ளி

நாத்தனார் போனில் அண்ணனுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். "அண்ணா, பின்னாடி யாரு வந்தாலும் நீ பாட்டுக்குப் போ. மாமனாரே வந்தாலும் ஒதுங்காதே."

"மாமனார்னா எப்படிம்மா ஒதுங்காம இருக்கறது?" என்கிறார் இவர், நிஜமான கவலையோடு.

மார்ச் 28, சனி

நாளைக்குப் பந்தயம். கேபிள், ஹெட்போன், மோதல் படிவம், தண்ணீர்ப் பாட்டில், எல்லாம் மேசையில்.

மார்ச் 29, ஞாயிறு

காலை 9.20. படுக்கையறை மேசைதான் கட்டுப்பாட்டு அறை. பக்கத்து அறையில் அவர், இஸ்திரி மேசையோடு. நாத்தனார் அவள் வீட்டிலிருந்து ஓட்டுவாள். வண்டி பிட்டில், அதாவது பாதையோரப் பழுது நிறுத்தத்தில், நிற்கும்போது அவள் இறங்கி இவர் ஏறுவார். இருபத்தாறும் வந்தாயிற்று. ஒருத்தர்கூட மட்டம் போடவில்லை!

10.04. கிளம்பிவிட்டார்கள். முதல் வளைவில் ஒரு உரசல்கூட இல்லை. நூலகர் முதல்முறையாகச் சத்தம் போட்டுச் சிரித்தார்.

11.15. ஆமைத் தவறு 2. சிறுத்தைகள் ஆமைகளைத் தாண்டுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கிறது. ஆமை தன் பாட்டுக்குப் போகிறது. சிறுத்தை காத்திருந்து, இடம் பார்த்து, சர்ரென்று போகிறது. யாரும் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் புரிந்துகொள்கிறார்கள்.

12.40. 4. நாத்தனார் ஆமையில் மூன்றாவது! மூன்றாவது!!

1.20. நாத்தனாருக்கு ட்யூட்டி, இறங்கிவிட்டாள். "அண்ணி, அண்ணனைப் பாத்துக்கோங்க" என்று மைக்கில் சொன்னதை லீக் முழுக்கக் கேட்டது. இவர் ஏறிவிட்டார்.

2.30. 7. எல்லோரும் களைத்துவிட்டார்கள். சுறா முன்னணியில், இரண்டாவது ஆளோடு ஒன்பது நொடிதான் வித்தியாசம்.

3.10. 9. யாராவது கையைக் கட்டிப்போடுங்கள், நகம் முழுக்கப் போய்விட்டது.

3.25. 10. இது நியாயமான பத்துதான், ஒரு ஆமை பிரேக் பிடிக்காமல் குறுக்கே போய்விட்டது. இன்னும் முப்பத்தைந்து நிமிஷம். ஒன்றும் நடக்கக் கூடாது. ஒன்றே ஒன்றுகூட.

மாலை 6. இப்போதுதான் எழுத முடிகிறது.

3.38க்கு நடந்தது. நீண்ட இடது வளைவு. முன்னால் எங்கள் ஆமை, பின்னால் சுறா. திரையில் மேலிருந்து பார்க்கும் காமிராவில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. சுறா வெளிப்பக்கம் போக ஆரம்பித்துவிட்டார். எங்கள் வண்டி வளைவின் நடுவில், திடீரென்று, வெளிப்பக்கம் ஒதுங்கியது. இடித்து, இரண்டும் சுவரில். பக்கத்து அறையிலிருந்து சுவர் வழியாகவே கேட்டது: "ஐயோ, சாரிங்க! சாரிங்க!"

சுறாவின் வண்டிக்கு மூக்கு உடைந்து, பிட்டுக்குப் போய் வந்து, முன்னணி போய்விட்டது. கடைசியில் இரண்டாவதாக முடித்தார். ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடிவிட்டு இரண்டாவது.

நூலகர் கிசுகிசுத்தார். "இது பந்தயத்துல சகஜம்னு எழுதிடலாமா? தீர்ப்பு என்னோடது. யாரும் கேக்க மாட்டாங்க."

ஒரு நொடி ஆசைப்பட்டேன். பொய் சொல்ல மாட்டேன், ஒரு நொடிக்கும் மேலேயே.

"வேற யாரோ ஒரு ஆமை ஓட்டியிருந்தா என்ன எழுதுவீங்க?"

நூலகரின் விசைப்பலகைச் சத்தம் கேட்டது. பதினொன்று.

முடிவுகளைப் போட்டேன். கடைசி வரியில், ஒப்பந்தப்படி அடுத்த பருவத்தில் இரண்டு வகுப்புகள் என்று போட்டேன். ஆமைக்காரர்கள் ஒருத்தரும் திட்டவில்லை. "நல்ல பந்தயம், நன்றி" என்று வரிசையாக மற்ற ஏழு வண்டியிலிருந்தும் வருகிறது. திட்டித் தொலைச்சா என்ன!

அவரிடம் கத்திவிட்டேன். ஒதுங்காதீங்க, ஒதுங்காதீங்கன்னு எத்தனை வாட்டி சொன்னேன், ஊருக்கெல்லாம் நல்லவரா இருக்கணுமா, எனக்கு மட்டும் இப்படிப் பண்ணணுமா — அப்படியெல்லாம். இஸ்திரி மேசை முன்னால் ஹெட்போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "தப்புதான்" என்றார். அவ்வளவுதான். எதிர்த்துப் பேசியிருந்தால் இன்னும் கொஞ்சம் கத்தியிருக்கலாம்.

நான் ஏன் அந்தப் பத்துக்குச் சரின்னு தலையாட்டினேன்? எட்டு வண்டி, பதினாறு பேர். அவங்க கதவை நானே சாத்திட்டேனே.

மார்ச் 30, திங்கள்

என்ன நாள் இது! முதலிலிருந்து எழுதுகிறேன், இல்லாவிட்டால் குழப்பிவிடுவேன்.

காலையில் இருவரும் பேசிக்கொள்ளாமல் கிளம்பினோம். ஒன்பதாம் மாடியில் லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு அம்மாவுக்கு நான் தைரியம் சொன்ன குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அந்த அம்மா, "நீங்க நல்லாருக்கீங்களா?" என்று என்னைக் கேட்டார்.

மேல்முறையீட்டுக்கு இருபத்துநாலு மணி நேரம் அவகாசம் உண்டு. சாப்பாட்டு நேரத்தில் படிவம் ஒன்று வந்து விழுந்தது. அனுப்பியவர்: சுறா. நிபந்தனையில் ஜெயித்ததும் போதவில்லையா இந்த மனுஷனுக்கு என்று பல்லைக் கடித்துக்கொண்டு திறந்தேன்.

யார் மீது புகார் என்ற இடத்தில் அவருடைய வண்டி எண்ணையே எழுதியிருந்தார். மேலும் இரண்டு தடவை படித்தேன். அவருடைய எண்தான்.

"3.38 மோதல். ரெண்டாவது ஆள் நெருங்கிட்டு இருந்த அவசரத்துல, வளைவுக்குள்ள மூணு தடவை விளக்கு அடிச்சேன். விதி 17 மீறல். மேல இருந்து பாக்கற காமிராவுல இது தெரியாது. ஆமையோட கண்ணாடி வழியாப் பாருங்க. ராத்திரி நான் பாத்தேன். ஊசியக் காட்டிப் பயமுறுத்திட்டு, தலையத் திருப்பினது பேஷன்ட் தப்புன்னு நான் என்னிக்குமே எழுதினதில்ல."

நூலகரைப் போனில் பிடித்தேன். அவர் நூலகத்தில், நான் அலுவலகப் படிக்கட்டில், இரண்டு பேரும் கிசுகிசுத்துக்கொண்டே பதிவை ஓட்டினோம். இந்தத் தடவை எங்கள் வண்டியின் கண்ணாடி வழியாக. பளிச், பளிச், பளிச். வளைவின் நடுவில், முழுக் கண்ணாடியும் வெள்ளையாகிறது. மூன்றாவது பளிச்சுக்குத்தான் இவர் ஒதுங்குகிறார். அது வரைக்கும் பாதையில் நூல் பிடித்தமாதிரி போயிருக்கிறார், மனுஷன்!

நடுவர்கள் இரண்டு பேரும் மேலிருந்தே பார்த்துவிட்டு முடிவுக்கு வந்துவிட்டோம். வண்டிக்குள் உட்கார்ந்து ஒருதரமும் பார்க்கவில்லை.

வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். கடையில் இருந்தார், யாருக்கோ கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் போல.

"என்னங்க, நேத்து சுறா விளக்கு அடிச்சாரா?"

"ஆமா. மூணு தடவை."

"ஏன் சொல்லல?"

"நீ கோவத்துல இருந்தே. அப்ப சொன்னா சாக்கு சொல்ற மாதிரி ஆயிடும். ஒதுங்கினது நான்தானே?"

அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். மன்னிச்சிடுங்க என்றேன். "இதுக்கெல்லாமா, இரு, இவருக்கு வலதுகண் பாத்துட்டு வரேன்" என்று வைத்துவிட்டார்.

நூலகரின் தீர்ப்பு நாலு மணிக்கு வந்தது. மோதல் சிறுத்தையின் தவறு. சுறாவுக்கு முப்பது நொடி தண்டனை. அவர் இரண்டாம் இடத்திலிருந்து நாலாம் இடத்துக்கு இறங்கினார். ஆமைத் தவறுகள்: பத்து.

பத்து! பத்து வரை பொறுப்பதுதானே ஒப்பந்தம்!

சுறாவுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல், "நன்றி டாக்டர்" என்று மட்டும் அனுப்பினேன். "நன்றியெல்லாம் வேணாம். மொதல் எடம் போச்சுன்னு வீட்ல நேத்துலேர்ந்து மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு இருக்கேன். பருவ அட்டவணையச் சீக்கிரம் போடுங்க" என்று பதில்.

ஏப்ரல் 5, ஞாயிறு

காலை பத்து மணிக்கு அடுத்த பருவத்தின் பதிவைத் திறந்தேன். மூன்று வகுப்புகள், ஆமைக்கு எட்டு இடம். முதலில் யார் வருகிறார்கள் என்று பார்ப்பதற்குள் சமையலறையில் பால் பொங்கிவிட்டது. அதை அணைத்துவிட்டு, அடுப்பைத் துடைத்துவிட்டு வந்தால், ஆமையில் எட்டு இடமும் நிரம்பியிருந்தது. பதினேழு நிமிஷம்! இரண்டு சிறுத்தை ஓட்டிகளே இறங்கி வந்து ஆமையில் சேர்ந்திருக்கிறார்கள். வேகமாகப் போவது அலுத்துவிட்டதாம், தாண்டப்படுகிறவனுக்கு எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமாம்.

மத்தியானம் நாத்தனார் போன் செய்தாள். பின்னால் வாக்கிடாக்கி கரகரவென்றது.

"அண்ணி, எங்க டிப்போல மூணு பேர் புதுசா ஓட்டணுங்கறாங்க. ஆமையில எடம் இருக்கா?"

"ஆமையில இல்லம்மா. வேணும்னா சிறுத்தையில ரெண்டு காலியா இருக்கு."

அந்தப் பக்கம் போனைப் பொத்திக்கொண்டு யாரிடமோ கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வந்தாள்.

"வேணாமாம் அண்ணி. ஆமைக்கே காத்திருக்கறாங்களாம்."

காத்திருப்போர் பட்டியலைத் திறந்து, ஏற்கெனவே இருந்த ஒன்பதாவது பெயருக்குக் கீழே, பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று எழுதிக்கொண்டேன்.